வலி குதிகாலில்... கோளாறு இடுப்பில்!

காலையில் கண் விழிக்கிறீர்கள். ‘இன்றைக்கு எப்படியும் 6 கிலோ மீட்டர் ஓடிவிட வேண்டும்’ என்ற உற்சாகத்தோடு கட்டிலை விட்டு இறங்கி, முதல் அடியைத் தரையில் வைக்கிறீர்கள். சுரீர்! குதிகாலில் யாரோ ஆணியை வைத்து அடித்த மாதிரி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை ஊன்றியபடியே பாத்ரூம் வரை போகிறீர்கள். பல் தேய்த்து, காபி குடித்து முடிப்பதற்குள் வலி பாதியாகக் குறைந்துவிடுகிறது. ‘பரவாயில்லையே!’ என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். ஓடும்போது பெரிய தொந்தரவு இல்லை. திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு எழுந்தால்... மறுபடியும் சுரீர்!

“என்னங்க, நொண்டுறீங்க?”

“ஒண்ணுமில்லை... ஷூ சரியில்லை போலிருக்கு.”

ஷூ மாறுகிறது. வலி மாறவில்லை. அடுத்து, பக்கத்து வீட்டு மாமா சிபாரிசில் எம்.சி.ஆர். செருப்பு. பிறகு ஊரிலிருந்து வந்த அம்மா, செங்கல்லைச் சூடுபண்ணி அதன்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்கிறார். வலி மாத்திரை. எக்ஸ்ரே. “குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு” என்று ஒருவர் சொல்ல, வீடே பயந்துபோகிறது. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு தீர்ப்பு: “இந்த வயசுல ஓட்டம் எதுக்கு? பேசாம உட்காருங்க!”

இதில்தான் ஆபத்து இருக்கிறது. எடையையும் சர்க்கரையையும் குறைக்கத்தான் பலரும் நாற்பதுக்கு மேல் ஓட ஆரம்பிக்கிறார்கள். குதிகால் வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டால் இடுப்புச் சுற்றளவு கூடுகிறது, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, கூடிய எடை அதே குதிகாலில்தான் போய் இறங்குகிறது. ஆறு மாதம் கழித்து “மறுபடி ஓடிப் பார்ப்போமே” என்று கிளம்பினால், மூன்றாவது நாளே பழைய வலி, பழைய இடத்தில்!

ஏன் இப்படி? வலிக்கிற இடத்தைத் தேய்க்கிறோம், ஒத்தடம் கொடுக்கிறோம், ஊசி போட்டுக்கொள்கிறோம். அந்த இடத்துக்கு அவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற டாக்டர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். குதிகால் வலி என்று வருபவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார்கள். இடுப்பைப் பார்க்கிறார்கள். கெண்டைக்கால் சதையை அழுத்திப் பார்க்கிறார்கள். “வலி கீழே இருக்கு, நீங்க மேலே பார்க்கிறீங்களே?” என்று வந்தவர் திகைக்கிறார்.

வில்லும் நாணும்

முதலில் பாதத்தின் கட்டுமானத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இவை தட்டையாக அடுக்கப்படவில்லை; வில் மாதிரி வளைந்து நிற்கின்றன. அந்த வில்லுக்கு ஒரு நாண் வேண்டுமல்லவா? குதிகால் எலும்பின் அடியிலிருந்து கிளம்பி, உள்ளங்கால் வழியாக விரல்களின் அடிப்பகுதி வரை விசிறி போல் விரிந்து போகும் கெட்டியான ஜவ்வுதான் அந்த நாண். ‘பிளான்ட்டர் ஃபேஸியா’ என்பது அதன் பெயர். பாதத்தை ஊன்றும்போது வில் சற்றே தாழ்ந்து, நாண் இழுபட்டு, அதிர்ச்சியைத் தாங்குகிறது. விரல்களை அழுத்தி உந்தும்போது நாண் இறுகி, வில் நிமிர்ந்து, உடம்பை முன்னே தள்ளுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் பையனை நிற்கச் சொல்லி, அவன் கால் கட்டைவிரலை மட்டும் நீங்கள் மேலே தூக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்பும். கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றும்போது வாளி மேலே வருகிற மாதிரியேதான் இதுவும். ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1954-ல் இதை விளக்கி எழுதினார். பாதத்தைப் பற்றி யார் பேசினாலும் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்த நாண் அளவுக்கு மீறி, திரும்பத் திரும்ப இழுபட்டால், குதிகால் எலும்பில் அது ஒட்டியிருக்கும் முனை நைந்துபோகிறது. அதுதான் அந்தக் காலை நேரச் சுரீர். ராத்திரி முழுவதும் பாதம் தளர்ந்து கிடப்பதால் ஜவ்வு விறைத்துவிடுகிறது. முதல் அடியில் சட்டென்று இழுபடுவதால்தான் அப்போது வலி அதிகம்.

‘பிளான்ட்டர் ஃபேஸியைட்டிஸ்’ என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள், இது வீக்கம், அழற்சி என்று நினைத்துத்தான் வைத்தார்கள். 2003-ல் அமெரிக்காவில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் ஜவ்வுத் திசுவை எடுத்து ஆராய்ந்தபோது அழற்சிக்கான அடையாளமே இல்லை; நார்கள் நைந்து சிதைந்திருந்தன. பழைய கயிறு பிரிபிரியாகப் போகிற மாதிரி! வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் பலருக்கு ஏன் முழுசாகக் குணமாவதில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் தெரிந்த அந்த ‘எலும்பு வளர்ச்சி’? வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் இருக்கும். வலிக்கு அதுவே காரணம் என்று அர்த்தமில்லை. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓட்டம் ஒரு ஒற்றைக்கால் வேலை

நடப்பதற்கும் ஓடுவதற்கும் என்ன வித்தியாசம்? “வேகம்தான்” என்பீர்கள். அது மட்டுமில்லை. நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். அடிக்கு அடி, சில கணம் இரண்டு கால்களும் சேர்ந்து தாங்கும். ஓடும்போது அந்தச் சலுகை கிடையாது. ஒரு தாவல், ஒற்றைக் காலில் இறக்கம், மறுபடி தாவல். ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் ஏறுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 140 முதல் 210 கிலோ! நிதானமாக 5 கிலோ மீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலுக்கும் சுமார் 3,000 தடவை இப்படி. கணக்குப் போட்டால் தலை சுற்றும். நம் பாதம் அதை அலட்டிக்கொள்ளாமல் தாங்குகிறது, மேலே இருப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்தால்.

மேலே இருப்பவர்களில் முக்கியமானவர், இடுப்பின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு விசிறி வடிவச் சதை. பெயர் ‘குளூட்டியஸ் மீடியஸ்’. வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கும்போது, இடது பக்க இடுப்பு தொங்கிவிடாமல், வலது பக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்து மட்டமாக வைத்திருப்பது இவர் வேலை. பந்தல்காலை ஒரு பக்கக் கயிறு இழுத்துப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் பந்தல் சாயும். இந்தச் சாய்வைக் கண்டு இடுப்பு நோயைக் கணிக்கும் முறையை டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய சர்ஜன் 1895-லேயே எழுதிவிட்டார். நூற்றாண்டு தாண்டியும் எலும்பு டாக்டர்கள் அதே பரிசோதனையைத்தான் செய்கிறார்கள்.

இந்தச் சதை சோம்பேறியாக இருந்தால் என்ன ஆகும்? காலை ஊன்றியதும் எதிர்ப்பக்க இடுப்பு இறங்கும். அதைச் சமாளிக்கத் தொடை எலும்பு உள்பக்கமாகத் திரும்பும். முட்டி உள்ளே சாயும். கீழே கணுக்காலும் உள்பக்கம் சரியும். பாதத்தின் வில் தட்டையாகும். நாண் இழுபடும். எல்லாம் அரை நொடிக்குள்! ஒரு தடவை நடந்தால் ஒன்றுமில்லை. 3,000 தடவை, வாரத்துக்கு நாலு நாள் என்றால்?

இன்னொருவர் கெண்டைக்கால் சதை. அது இறுகியிருந்தால் கணுக்கால் முன்னோக்கி மடங்காது. ஆனாலும் உடம்பு முன்னே போயாக வேண்டுமே? எங்காவது இடம் கொடுக்க வேண்டும். பாத வளைவு இடம் கொடுக்கிறது, சரிந்து. குதிகால் வலிக்காரர்களிடம் அடிக்கடி காணப்படுவது இந்தக் கணுக்கால் இறுக்கம்தான். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் அதிக எடை, நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை ஆகியவற்றோடு இதுவும் முக்கியக் காரணமாக வந்தது. மூன்றிலும் முதலிடம் இதற்குத்தான். நம் பாட்டிகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலம் போட்டார்கள், கீரை ஆய்ந்தார்கள். அவர்கள் கணுக்கால் நன்றாக மடங்கியது. நமக்கு சோபா, டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட். கணுக்காலுக்கு ‘லீவு’ கொடுத்துவிட்டோம்.

‘சிக்ஸ் பேக்’ வேறு, ‘கோர்’ வேறு

இடுப்பு என்று சொன்னேன். அந்த இடுப்பே எதன்மேல் நிற்கிறது? இங்கேதான் ‘கோர்’ வருகிறது. ஜிம்முக்குப் போகிற பையன்கள் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்களே, அந்த வயிற்றுக் கட்டங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவை வெளிச்சதை, பார்வைக்கு நன்றாக இருக்கும். கோர் என்பது ஒரு டப்பா மாதிரி. மூடி, மூச்சுவிட உதவும் உதரவிதானம். அடித்தட்டு, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் இடுப்புத்தளச் சதை. முன்னாலும் பக்கங்களிலும் பெல்ட் போலச் சுற்றியிருக்கும் ஆழ் வயிற்றுச் சதை. பின்னால் முதுகெலும்போடு ஒட்டிய சின்னச் சின்னச் சதைகள். இந்த டப்பா கெட்டியாக இருந்தால்தான் கால் சதைகளுக்குப் பிடிமானம். தொளதொளவென்ற சேற்றில் நின்றுகொண்டு பந்தை உதைத்துப் பாருங்கள், புரியும்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் ஒரு சுவாரஸ்யமான பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆட்களை நிற்க வைத்து, “கையைத் தூக்குங்கள்” என்றார்கள். ஆரோக்கியமானவர்களுக்குக் கைச்சதை வேலையைத் தொடங்கும் முன்பே வயிற்றின் ஆழ்சதை இறுகி, உடம்பைத் தயார்படுத்திவிட்டது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு அந்தச் சதை தாமதமாக விழித்தது. கையைத் தூக்குவதற்கே இவ்வளவு ஏற்பாடு என்றால், தாவித் தாவி ஓடுவதற்கு?

நம் நடுத்தரக் குடும்பத்து வாழ்க்கை இந்த டப்பாவை நன்றாகவே நெளித்து வைத்திருக்கிறது. எட்டு மணி நேரம் ஆபீஸ் நாற்காலி. போக வர ஸ்கூட்டர் அல்லது கார். ராத்திரி டி.வி. முன்னால் சோபா. நாள் முழுக்க மடங்கியே கிடப்பதால் தொடையையும் இடுப்பையும் இணைக்கும் முன்பக்கச் சதை இறுகிவிடுகிறது. மேலேயே உட்கார்ந்திருப்பதால் பின்புறச் சதை தூங்கிவிடுகிறது. முன்னால் இறுக்கம், பின்னால் தூக்கம்... இடுப்பு முன்னோக்கிச் சாய்கிறது, தொப்பை தள்ளுகிறது. இதே உடம்போடு காலை ஐந்தரைக்கு மெரினாவில் இறங்கி ஓடுகிறோம். பத்து மணி நேரம் தூங்கின சதைக்கு ஐந்து நிமிஷம்கூட விழிக்க அவகாசம் தருவதில்லை!

பெண்களுக்கு இன்னொரு விஷயம். பிரசவத்துக்குப் பிறகு, அதுவும் சிசேரியனுக்குப் பிறகு, வயிற்றுச் சதையும் இடுப்புத்தளச் சதையும் பழைய பலத்துக்குத் தானாகவே வந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. “குழந்தைக்கு எட்டு வயசாச்சு, இன்னுமா?” என்று கேட்கலாம். பயிற்சி கொடுக்காத சதைக்கு எட்டு வயசும் ஒன்றுதான், எட்டு மாசமும் ஒன்றுதான். ஓடும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்தால் அது அந்த டப்பாவின் அடித்தட்டு தளர்ந்திருப்பதன் அறிகுறி. வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. பயிற்சியால் சரிசெய்யக்கூடியது. மகப்பேறு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். குதிகாலுக்குப் போய்விட்டு இதற்கும் வழி கிடைத்து வருகிறவர்கள் உண்டு.

கண்ணாடி முன்னால் இரண்டு நிமிஷம்

உங்களுக்கு இடுப்புத் தளர்ச்சி இருக்கிறதா? அரைக்கால் சட்டையோ, ட்ராக் பேன்ட்டோ போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பில் வையுங்கள். ஒரு காலைத் தூக்கி அரை நிமிஷம் நில்லுங்கள். தூக்கிய கால் பக்கத்துக் கை கீழே இறங்குகிறதா? உடம்பு ஊன்றிய கால் பக்கமாகச் சாய்கிறதா? இப்போது ஊன்றிய முட்டியைக் கொஞ்சமாக மடக்குங்கள், நாற்காலியில் உட்காரப் போகிற மாதிரி. முட்டி நேராக முன்னே போகிறதா, கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சரிகிறதா? இன்னொரு காலிலும் செய்து ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பவர்கள் குறைவு. வலிக்கிற கால் பக்கம்தான் அதிகம் சரிகிறது என்றால் விஷயம் இருக்கிறது.

அடுத்தது சுவர். சுவரிலிருந்து ஒரு கை அகலம், அதாவது சுமார் 10 செ.மீ. தள்ளிக் கட்டைவிரல் இருக்கும்படி பாதத்தை வையுங்கள். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடியவில்லையா? கணுக்கால் இறுக்கம்.

மூன்றாவது, சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை மேலே தூக்கி இறக்குங்கள். நல்ல கெண்டைக்கால் என்றால் இருபதைத் தாண்டும். எட்டிலேயே நடுங்கினால், 3,000 தடவை தாவும் வேலையை நீங்கள் அதனிடம் கொடுத்திருக்கக் கூடாது.

ஈரக்காலைத் தரையில் வைத்துத் தடம் பார்த்து, “எனக்குத் தட்டைப் பாதம், அதான் வலி” என்று தீர்மானிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தடத்தை வைத்து ஷூ தேர்ந்தெடுத்தால் காயம் குறைகிறதா என்று அமெரிக்க ராணுவம், விமானப் படை, கடற்படைத் துருப்புகளின் புதிய வீரர்களிடம் பார்த்தார்கள். 2009, 2010-ல் முடிவுகள் வந்தன. குறையவில்லை! தட்டைப் பாதத்தோடு பிரமாதமாக ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, மறுபடியும் தங்கம். (உடனே நீங்களும் வெறுங்காலோடு கிளம்பிவிடாதீர்கள். அவர் பழக்கம் வேறு, நாம் ஏ.ஸி. ரூமில் வளர்த்த பாதம் வேறு!)

எல்லாப் பழியும் இடுப்புக்கா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இடுப்புச் சதை பலவீனமாக இருந்தும் வலியே இல்லாமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு வலி முதலில் வந்து, நொண்டி நொண்டி நடந்ததால் இடுப்பு பலவீனமாகியிருக்கலாம். எது முந்தி, எது பிந்தி என்பதை எல்லா நோயாளியிடமும் பிரித்துச் சொல்ல முடியாது. ஓட்டக்காரர்களின் காயங்களில் மிகச் சாதாரணமான கதை வேறு: திடீர் அதிகரிப்பு. நேற்று வரை உட்கார்ந்திருந்தவர், நண்பர்கள் 10 கிலோ மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்கள் என்று தானும் கொடுத்துவிட்டு, மூன்றே வாரத்தில் தயாராகப் பார்ப்பார். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஜவ்வும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்காததால் ‘முடியும்’ என்று நினைக்கிறோம். குதிகால் ‘முடியாது’ என்கிறது.

அந்தத் திடீர்ச் சுமையோடு கோணலான இடுப்பும் சேரும்போதுதான் ஒரே ஜவ்வின் ஒரே முனையில் எல்லாம் போய் விழுகிறது. ஓய்வில் வலி போய், ஓடினால் திரும்பி வருவது இதனால்தான். ஓய்வு சுமையைத்தான் எடுத்தது. கோணலை அது தொடவே இல்லை.

ஓடுகிற இடத்தையும் கவனியுங்கள். நம் தார் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். கடற்கரை ஈர மணல் சரிவும் அப்படித்தான். சின்னப் பூங்காக்களில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். நாற்பது சுற்று என்றால் நாற்பது தடவையும் ஒரே பக்க வளைவு. ஒரு நாள் திசையை மாற்றிப் பாருங்கள். நாலு பேர் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

உடனடி நிவாரணத்துக்கு ஒரு சுலபமான வழி. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டுக்கொண்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலில் நாண் விறைப்பது கைக்கே தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை. பிறகு காலைத் தரையில் வையுங்கள். ராத்திரி ஐஸ் வைக்க ஆசைப்பட்டால் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, உள்ளங்காலால் உருட்டலாம். வலிக்கு இதமாக இருக்கும், நோயைக் குணப்படுத்தாது.

குணத்துக்கு வேண்டியது பலம். டென்மார்க்கில் 2014-ல் வெளியான ஆய்வில் ஒரு எளிய பயிற்சியைக் கொடுத்தார்கள். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டு. (விரல் மேலே மடங்கி நிற்பதால் நாணும் சேர்ந்து உழைக்கும். ராட்டினம் ஞாபகம் இருக்கிறதா?) மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாகக் குதிகாலைத் தூக்கி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணிக்கொண்டே இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டு தடவைக்கு மேல் முடியாத அளவு கடினம் இருக்க வேண்டும். பழகியதும் புத்தகங்கள் அடுக்கிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடினத்தைக் கூட்டினார்கள். மூன்று மாதத்தில், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருஷம் ஆனதும் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய சமம். சீக்கிரம் தேறுவதில்தான் லாபம். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலோடு தொடங்கலாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வது அவசியம்.

இடுப்புக்கும் கோருக்கும் ஜிம் தேவையில்லை, ஒரு பாய் போதும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பின்புறத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்கள். பழகியதும் ஒற்றைக் காலில். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராகத் தூக்கி இறக்குங்கள். கால் முன்னே போகாமல் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் போனால் வேறு சதை வேலையைப் பறித்துக்கொள்ளும். அதே ஒருக்களித்த நிலையில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து எழுப்பி நிறுத்துவது அடுத்தது. கடைசியாக, குழந்தை தவழ்கிற மாதிரி நின்று, வலது கையையும் இடது காலையும் ஒரே சமயத்தில் நீட்டுங்கள். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிந்தக் கூடாது. மொத்தம் பதினைந்து நிமிஷம். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

“பாதத்துக்கும் ஒரு கோர் உண்டு” என்று 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பாதத்துக்குள்ளேயே இருக்கும் குட்டிச் சதைகள்தான் அவை. விரல்களை மடக்காமல், முன்பாதத்தைக் குதிகாலை நோக்கி இழுத்து, பாதத்தைக் குட்டையாக்கப் பாருங்கள். முதல் நாள் சுத்தமாக வராது. பல் தேய்க்கும்போது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது முயற்சி செய்தால் இரண்டு வாரத்தில் பிடிபடும்.

வீட்டில் வெறுங்காலோடு மார்பிள் தரையில் நின்றே சமைக்கிற பெண்களுக்கு வலி சீக்கிரம் அடங்காது. இந்த மாதங்களில் மட்டுமாவது மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பூஜை அறையில் கழற்றிவிட்டால் போயிற்று.

செங்கல்லும் ஊசியும்

எருக்கிலை ஒத்தடம் சிலருக்கு இதமாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் செங்கல் பக்கமே போகாதீர்கள். நரம்பு பாதிப்பால் பாதத்தில் சூடு உறைக்காமல் இருக்கும். தோல் வெந்து கொப்புளமாவதுகூடத் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கிற அளவுக்குப் போனால்? ஐஸுக்கும் இதே எச்சரிக்கை. அவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் ஜவ்வே கிழிந்துவிடும் அபாயம் உண்டு. ஊசி போட்டு வலி மறைந்த உற்சாகத்தில் ஓடுவது அதைவிட மோசம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் கத்தி வைக்காமலே சரியாகிவிடுகிறது.

எல்லாக் குதிகால் வலியும் இந்த ஜவ்வு வலி அல்ல. குதிகாலை இரண்டு பக்கமும் கையால் அமுக்கினால் உயிர் போகிறதா, ஓட ஓட வலி ஏறுகிறதா? எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஒல்லியான பெண்கள் அதிகம் ஓடி மாதவிலக்கும் நின்றுபோயிருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். இளைஞருக்கு இரண்டு குதிகாலிலும் வலி, கூடவே காலையில் அரை மணிக்கும் மேல் முதுகு விறைப்பு என்றால் மூட்டுவாத டாக்டரைப் பார்க்க வேண்டும். எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் நரம்பு. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

மறுபடி எப்போது ஓடலாம்?

முழு ஓய்வு வேண்டாம். வலியைத் தூண்டாத அளவுக்கு நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நீச்சல் தெரிந்தால் இன்னும் நல்லது. காலையின் முதல் அடி வலி நன்றாகக் குறைந்து, ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது இருபதை நெருங்கி, கண்ணாடி முன் இடுப்பு ஆடாமல் நின்றால் தொடங்கலாம். பெரும்பாலும் இதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். முதலில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போது லேசாகத் தெரிகிற வலியை மன்னிக்கலாம். மறுநாள் காலை முதல் அடி, முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

ஓடும் பாணியில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எட்டி எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, இப்போது வைப்பதைவிட நிமிஷத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலான அடிகளாக வையுங்கள். 160 அடி என்றால் 168-க்குக் கொண்டுபோங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2011-ல் பார்த்தபோது இந்தச் சின்ன மாற்றத்திலேயே முட்டியிலும் இடுப்பிலும் சுமை குறைந்தது. குதிகாலால் இறங்குகிறவர்கள் யாரோ சொன்னார்கள் என்று திடீரென முன்பாதத்துக்கு மாறாதீர்கள். கெண்டைக்காலுக்கும் அந்த நாணுக்கும் வேலை இன்னும் கூடிவிடும்.

வலி போன பிறகும் பாய்ப் பயிற்சியை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டால் வீட்டில் இருப்பவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.